மகனோட பட்டாலியன் பேட்ஜ்ல இருக்குற சாவிக்கு என்ன அர்த்தம்?

பார்வதி_அம்மா:
என் பையன் அமெரிக்க ஆர்மியில ஒரு சப்போர்ட் பட்டாலியன்ல இருக்கான். போன லீவுக்கு வந்தப்போ அவனோட யூனிட் பேட்ஜ் ஒண்ணை என் கையில குடுத்துட்டுப் போனான். ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருக்கும், எனாமல் வேலை, பின்னாடி ரெண்டு ஊசி. சிவப்பும் சந்தனக் கலரும், நடுவுல வீட்டுக்கூரை மாதிரி ஒரு பட்டை, கீழ ஒரு சாவி, மேல லில்லிப்பூ மாதிரி ரெண்டு பூ. கேட்டா "சப்ளை யூனிட்மா, அவ்ளோதான்"ங்கறான். சொந்தக்காரங்க வேற பார்த்துட்டு ஒரு கத்தி கூட இல்லையேன்னு சொல்லிட்டாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல, மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

ரவி_கே:
சாவின்னா ரகசியம்தானே மேடம், உளவு வேலை எதாவது இருக்கும்னு நினைக்கிறேன்.

பேட்ஜ்_பித்தன்:
உளவு இல்லீங்க ரவி, சப்போர்ட் யூனிட்ல வர்ற சாவி கிடங்குச் சாவி. குவார்ட்டர்மாஸ்டர் கோர்னு ஒண்ணு 1775 ஜூன் 16-ல ஆரம்பிச்சது, துணிமணி சாப்பாடு எரிபொருள் எல்லாம் அவங்க பொறுப்பு, அவங்க சின்னத்துல இருக்குற அதே சாவிதான் இது.

அம்மா, சிவப்பும் சந்தனமும் அங்க சப்போர்ட் யூனிட்டுகளுக்குன்னே வழக்கமா வர்ற கலர், அந்தச் சந்தனக் கலரை பஃப்னு சொல்வாங்க. அந்தக் கூரைப் பட்டைக்குப் பேரு செவ்ரான். கூரையைத் தாங்குற சட்டம் எப்படியோ அப்படித் தாங்கிப் பிடிக்கிறதுன்னு அர்த்தம், உங்க பையன் யூனிட் வேலையே அதுதான். லில்லி மாதிரி இருக்கறது ஃப்ளர் டி லீ, அமெரிக்க பேட்ஜ்ல அது வந்தா பெரும்பாலும் அந்த யூனிட் உலகப் போர்ல பிரான்ஸ்ல இருந்திருக்குன்னு அர்த்தம். எத்தனை பூ இருக்குங்கறதுக்கும் காரணம் இருக்கும், நிறைய பேட்ஜ்ல அது எத்தனை போர்க்களத்துல இருந்தாங்கங்கற கணக்கு. ஜப்பான்ல இருந்த சில யூனிட்டுகளுக்கு தோரிங்கற ஜப்பான் கோயில் வாசல் இருக்கும், பார்த்தாலே தெரியும்.

இதெல்லாம் யாரோ அழகுக்கு வரையறது இல்ல. வர்ஜீனியாவுல ஃபோர்ட் பெல்வார்ல இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரால்ட்ரின்னு ஒரு ஆபீஸ் இருக்கு, ஒவ்வொரு பேட்ஜுக்கும் வர்ணனையும் அர்த்தமும் எழுதி வெச்சிருக்காங்க. யூனிட் நம்பரைப் போட்டுத் தேடுனா உங்க பேட்ஜுக்கே சரியான விளக்கம் கிடைக்கும், நான் சொன்னது பொது வழக்கம். ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்த வர்ணனையில வலதுன்னு எழுதியிருந்தா, பேட்ஜைக் கேடயமா நினைச்சு, அதைப் பிடிச்சிருக்குறவனோட வலது, நமக்கு அது இடது. நான் ரொம்ப நாள் இதைத் தப்பாவே படிச்சுட்டு இருந்தேன்.

மீனா_ஜி:
பித்தன் சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். குவார்ட்டர்மாஸ்டர் சின்னத்துல சாவி மட்டும் இல்ல, அதுக்குக் குறுக்கால ஒரு வாள், பின்னாடி வண்டிச் சக்கரம், மேல கழுகு. அந்தச் சக்கரம் ஆறு கோவேறு கழுதை பூட்டி இழுத்த சப்ளை வண்டியோடது, அதுல 13 நட்சத்திரம், ஆரம்பத்துல இருந்த 13 காலனிகளுக்காக. எனக்கு ரொம்பப் பிடிச்ச சின்னம் அது, ராணுவமே அந்தக் கழுதை வண்டியை நம்பித்தான் நடந்திருக்குன்னு நினைச்சா சிலிர்க்கும். 2008-ல லாஜிஸ்டிக்ஸ் பிராஞ்ச் தனியா வந்தப்போ கூட சாவியை விடல, ஆயுதம் பார்க்குற ஆர்ட்னன்ஸுக்குப் பீரங்கி, போக்குவரத்து பார்க்குற டிரான்ஸ்போர்ட்டேஷனுக்குக் கப்பல் சுக்கான் சக்கரம், குவார்ட்டர்மாஸ்டருக்குச் சாவின்னு மூணையும் ஒண்ணா வெச்சாங்க.

பார்வதி_அம்மா:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இப்பத்தான் அவன் யூனிஃபார்ம் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன், காலர்ல வட்டமா ஒண்ணு, அதுல சக்கரம், கழுகு, சாவிக்குக் குறுக்கால வாளும் இருக்கு. இத்தனை நாள் அது பட்டன்னு நினைச்சுட்டு இருந்தேன். நாளைக்கு அந்தச் சொந்தக்காரங்க வருவாங்க, காட்டிடறேன்.