நிரையா, திரளா? கபெண்டா மீனுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,
வணக்கம். பள்ளி நூலகங்களுக்கான விலங்கியல் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். செவ்வாயன்று பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவேண்டும். கபெண்டா என்ற ஆப்பிரிக்க நன்னீர் மீனைப் பற்றிய அரைப்பக்கத்தில் வேலை நின்றுவிட்டது. தங்கனிக்கா ஏரியைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு மீனை, சாம்பசி ஆற்றில் அணை கட்டியதால் உருவான கரிபா ஏரியில் 1967, 1968 ஆண்டுகளில் கொண்டுவந்து விட்டார்கள். மூலநூல் இதன் கூட்டத்தை 'ஷோல்' என்றும் 'ஸ்கூல்' என்றும் பிரித்துச் சொல்கிறது. சேர்ந்திருந்தாலே அது ஷோல். எல்லா மீன்களும் ஒரே திசை நோக்கி, ஒரே வேகத்தில், ஒன்று திரும்பினால் அனைத்தும் திரும்புமாறு நீந்தினால்தான் ஸ்கூல். நான் இரண்டுக்கும் 'கூட்டம்' என்றே எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.
மொழிபெயர்ப்பாளர்

ஐயா,
சங்கப் புலவர்கள் 'இனமீன்' என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அது வேண்டாமென்றால் 'திரள்' இருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்கிறோமே, அந்தத் திரள்தான். ஆனால் கூட்டுச்சொல்லாக்கும்போது 'திரள்மீன்' என எழுதுவது பிழை. அருள், மொழி இரண்டும் சேர்ந்து அருண்மொழி ஆவதுபோல் 'திரண்மீன்' என்றே வரவேண்டும்.
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயாவுக்கு வணக்கம்.
உங்கள் புணர்ச்சி விதியில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் 'திரண்மீன்' என்று கரும்பலகையில் எழுதினால், என் மாணவர்கள் அதை வேறொரு மீனின் பெயராகவே குறித்துக்கொள்வார்கள். 'இனமீன்' அதைவிட இடைஞ்சல். உயிரியலில் 'இனம்' வேறு பொருளில் நிலைத்துவிட்டது. இரண்டு சொற்கள் வேண்டும் என்பதற்கு இந்த மீனே சான்று. பகலில் கபெண்டா ஆழத்தில் நெருக்கமாக அணிவகுத்து நீந்தும். பக்கத்து மீன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்த வரிசை நிலைக்கும். ஆகவே நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை உண்ண அந்தியில் மேலே வரும்போது, இருள் கூடக்கூட வரிசை குலைந்து மீன்கள் சிதறிவிடுகின்றன. மிதவைத் தளத்தில் விளக்கை ஏற்றி, அதன் அடியில் வட்ட வலையை இறக்கிவிட்டு மீனவர்கள் காத்திருப்பது அந்த நேரத்தில்தான். வெளிச்சத்தை நாடிவந்து மொய்ப்பது திரள். பகலில் இருந்தது அணி.
விலங்கியல் விரிவுரையாளர்

அம்மா,
'அணி'யை விட்டுவிடுங்கள். இலக்கண வகுப்பில் அது உவமை, செய்தித்தாளில் கட்சிப் பிளவு, எங்கள் பதினோராம் வகுப்பில் எண்களின் அடுக்கு. 'நிரை' என்று வைத்தால் 'நிரைநீச்சல்' என அச்செயலுக்கும் பெயர் கிடைக்கும். கணக்குப் புத்தகத்தில் நிரை என்பது கிடைவரிசை என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அதை மீனுக்குக் கடனாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.
கணித ஆசிரியர்

நண்பர்களே,
வெட்சி மறவர் கவர்ந்த ஆநிரை ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பியதாக நான் எங்கும் படித்ததில்லை. மேய்ச்சலில் பரந்து நிற்கும் மாடுகளும் நிரைதான். அப்படியானால் 'நிரை' உங்கள் ஷோலுக்கல்லவா பொருந்தும்?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா,
நிரைத்தல் என்றால் வரிசைப்படுத்தலும்தானே? வேலி நிரைக்கிறவன் கழிகளை இறைத்துவிட்டா போகிறான்?
கணித ஆசிரியர்

எல்லோருக்கும் வணக்கம்.
நான் கடற்கரைக்காரன், எங்கள் வீட்டில் இரண்டுக்கும் 'கூட்டம்' என்ற ஒரே சொல்தான், அதனால் யாரும் வலையைத் தவறாக வீசியதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் அனுப்பிய பக்கத்தில், உப்பிட்டு வெயிலில் காயவைத்த கபெண்டாவின் படத்துக்குக் கீழே 'ஆப்பிரிக்க நெத்திலி' என்று இருக்கிறது. கருவாடாகக் காய்ந்துவிட்டால் எல்லாம் நெத்திலி போலத்தான் தெரியும். வாயைப் பாருங்கள்: நெத்திலிக்கு மூக்கு முன்னே நீண்டு வாய் அடியில் பிளந்திருக்கும், இதற்கு அப்படி இல்லை. இது சாளைக் குடும்பம். சொல் எதுவானாலும் மீனை மாற்றிவிடாதீர்கள்.
தூத்துக்குடி வாசகர்

அன்புள்ள குழுவினருக்கு,
படக்குறிப்பை 'நன்னீர்ச் சாளை' என்று திருத்திவிட்டேன். தூத்துக்குடி நண்பருக்கு நன்றி. பொதுக்கூட்டத்துக்குத் 'திரள்', ஒருங்கே திரும்பும் கூட்டத்துக்கு 'நிரை' என்று மூவர் கருத்துப்படி எழுதி, 'நிரை' முதலில் வரும் இடத்தில் விளக்கமும் சேர்த்துப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். நேற்றிரவு பதினொரு மணிக்கு மேல் புதிய சொல் எதையும் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.
மொழிபெயர்ப்பாளர்

ஐயா,
'நிரை'க்கு என் மறுப்பு நிற்கிறது. போகட்டும், பொருளடைவிலாவது 'திரண்மீன்' என்று போட்டீர்களா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்