பேலியோவில் இருக்கும் பாலூட்டும் தாய், விடாத வாந்தி: சர்க்கரை 82 என்றால் விட்டுவிடலாமா?

துணைசுகாதாரம்:
வணக்கம். குழந்தைக்கு ஏழெட்டு வாரம்கூட ஆகாத நிலையில், எடை குறைக்க அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் இறங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்போடு வருகிறார்; சர்க்கரை நோய் கிடையாது, மீட்டரில் 82. கீட்டோஅசிடோசிஸ்தானா (கொழுப்பு உடைந்து வரும் கீட்டோன் குவிந்து ரத்தம் அமிலமாவது) என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்முன் எந்த டிரிப்? தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பொதுமருத்துவம்:
மீட்டரை நம்பி அனுப்பிவிடாதீர்கள் சிஸ்டர். இதில் சர்க்கரை சரியாகவோ குறைவாகவோதான் இருக்கும். 750 மில்லி பால் சுரக்கிறது என்று வையுங்கள். 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) என்றால் தினமும் 50 கிராமுக்கு மேல் பாலோடு போகிறது. தாய் சாப்பிடாவிட்டாலும் சுரப்பு உடனே நிற்காது. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கையிருப்பே சுமார் 100 கிராம்தான், மாவுச்சத்தைத் தவிர்ப்பவருக்கு அதுவும் இருக்காது. இன்சுலின் தாழும், கொழுப்பு உடையும், கீட்டோன் குவியும். இதன்மேல் ஒரு நாள் வாந்திபேதி வந்தால் போதும். கன்று ஈன்ற கறவை மாட்டுக்கு வரும் கீட்டோசிஸும் இதே கணக்குதான்.

முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை, ஆக்சிஜன் 98, ஆனால் மூச்சு ஆழமாக 24-க்கு மேல் ஓடுகிறது என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பிஹெச் 7.3-க்குக் கீழ், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18-க்குக் கீழ், ரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் உறுதி. பிரசவமான பெண் என்பதால் செப்சிஸையும் (கிருமித்தொற்றால் உடம்பு முழுதும் பாதிக்கப்படுவது) நுரையீரல் ரத்தக்கட்டியையும் மறந்துவிடக் கூடாது; ரத்தத்தில் சேரக்கூடிய இன்னொரு அமிலமான லாக்டேட்டும் பாருங்கள்.

ஆய்வகம்:
சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்டிரிப் பற்றி ஒரு விஷயம். அது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை மட்டுமே காட்டும். இந்த நிலையில் அதிகம் இருப்பது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். அது ஸ்டிரிப்பில் தெரியாது. அதனால் ஒற்றை பிளஸ் வந்தாலும் லேசானது என்று எடுக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கியபின் இது அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், ஆள் தேறும்போதே ஸ்டிரிப் இன்னும் கருத்துப்போகும். தேறுவதைப் பைகார்பனேட்டை வைத்துப் பாருங்கள்.

அவசரப்பிரிவு:
இங்கே நடக்கும் பெரிய தவறு, வெறும் நார்மல் சலைன் மட்டும் ஏற்றுவது. நீரிழப்பு சரியாகும், கீட்டோன் உற்பத்தி நிற்காது. டிஎன்எஸ் (டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை கலந்த நார்மல் சலைன்) போடுங்கள், 1 லிட்டரில் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது உடம்பின் சொந்த இன்சுலினைத் தூண்டிக் கொழுப்பு உடைவதை நிறுத்தும். பல நாள் வாந்தி என்றால் சர்க்கரைக்கு முன் தையமின் (வைட்டமின் பி1) 100 மில்லிகிராம் நரம்பில் போக வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பொதுவாக இன்சுலின் தேவைப்படாது. சர்க்கரை ஏறத் தொடங்கியதும் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றும் இறங்கலாம், குறிப்பாகப் பல நாள் பட்டினி கிடந்தவருக்கு. அதனால் சில மணிக்கொரு முறை பார்க்கக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள்.

பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். தாய் மிகவும் தளர்ந்திருந்தால் பீய்ச்சி எடுக்கட்டும், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். ஓரிரு நாள் குழந்தைக்கு மாற்றுப் பால் சேர்த்துத் தாயின் சுமையைக் குறைப்பதும் உண்டு.

உணவியல்:
வாந்தி நின்றபின் ஓஆர்எஸ் மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 1 லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இரண்டு மணிக்கொரு முறை அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம் என்று கொடுங்கள். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 210 கிராம் மாவுச்சத்து என்பது அமெரிக்கப் பரிந்துரை. பேலியோவில் பலர் எடுப்பது 50-க்கும் கீழ். பால் கொடுக்கும்வரை அந்த உணவுமுறையும் நீண்ட நேர விரதமும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

துணைசுகாதாரம்:
நன்றி. அதே பெண் டைப் 1 சர்க்கரை நோயாளியாக இருந்தால்?

அவசரப்பிரிவு:
அப்போது டெக்ஸ்ட்ரோஸோடு இன்சுலினும் கட்டாயம். ஆனால் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின். பிரசவத்துக்குப்பின் இன்சுலின் தேவை சட்டென்று குறையும், பால் கொடுக்கும்போது சர்க்கரை இறங்கவும் செய்யும். அதற்குப் பயந்து பலர் நீண்டநேர இன்சுலினையே விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் ஏறிவிடும். அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. டைப் 2 என்றால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்: டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்; அவையும் இதேபோல் கீட்டோனை ஏற்றக்கூடியவை.