கிளி கத்தினால் கண்டுக்கக் கூடாதாம்: ஒன்பது நாள் இருந்து பார்த்தாச்சு

மூணாம்மாடி:
அம்பத்தூர், ரெண்டு பெட்ரூம் பிளாட். ஆப்பிரிக்கன் கிரே வகைக் கிளி, நாலு வயசு, பேர் மணி. விடியும்போதும் பொழுது சாயும்போதும் பத்து நிமிஷம் கத்துவான், அதைப் பத்தி நான் பேசலை. இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கினா 'பீப் பீப்'னு அடிக்கும் இல்லையா, அதை அச்சு அசலா அடிக்கிறான். போன கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்தப்ப பிடிச்சுக்கிட்டது. குக்கர் விசிலும் உண்டு. மூணு விசில் எண்ணி என் வீட்டுக்காரி அடுப்பை அணைக்கிறாள், திறந்து பார்த்தா பருப்பு கல்லு மாதிரி கிடக்கு. அதில் ரெண்டு விசில் மணி விட்டது.

கண்டுக்காம விடுங்க, தானா நின்னுடும்னு கிளி கொடுத்தவர் சொன்னார். ஒன்பது நாளா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. முன்னைவிட ஜாஸ்தியாத்தான் ஆகியிருக்கு. மேல் வீட்டு அக்கா அசோசியேஷன்ல எழுதிக் கொடுத்துட்டாங்க. யாராவது நிஜமாவே நிறுத்தியிருக்கீங்களா?

பழைய கூண்டு:
கொடுத்தவர் சொன்னது சரி. நிக்கிறதுக்கு முன்னாடி ஏறும், ஏறுறதைப் பார்த்துப் பயப்படாதீங்க. கொடுத்த கடனைக் கேட்டு போன் பண்றவன் நீங்க எடுக்கலைன்னா ஒரு தடவையோட விடுவானா? பத்து தடவை அடிப்பான். பத்தாவது தடவை எடுத்தீங்கன்னா, அடுத்த முறை நேரா பத்துக்குத் தயாரா வருவான். ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க: இந்த ஒன்பது நாள்ல யாருமே 'சும்மா இருடா'ன்னு ஒரு அதட்டல் போடலையா? அதட்டலும் கிளிக்குக் கூலிதான்.

வேப்பமரத்தடி:
அண்ணா, இதை நான் ஒத்துக்க மாட்டேன். கிரே கூட்டமா வாழ்ற பறவை. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தா 'இருக்கியா?'னு ஒண்ணு கேக்கும், 'இருக்கேன்'னு இன்னொண்ணு சொல்லும். காட்டில் பதில் வராம போனா, கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சாச்சுன்னு அர்த்தம். மணிக்கு அந்த வீடுதான் கூட்டம். ஒன்பது நாள் பதில் சொல்லாம இருந்தா அது பயத்தில் கூடக் கத்தத்தான் செய்யும். அதைப் பிடிவாதம்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?

பழைய கூண்டு:
பயந்த கிளி இறகைப் பிடுங்கிக்கும், சாப்பிடாது. இது குக்கர் விசில் அடிச்சுக்கிட்டு இருக்குதும்மா.

பகல்தூக்கம்:
நான் மேல் வீட்டு அக்கா இல்லை, ஆனா அந்த அக்கா கட்சி. நைட் ட்யூட்டி முடிச்சு ஒன்பது மணிக்குப் படுக்குறவங்களுக்கு உங்க 'இருக்கியா இருக்கேன்' எல்லாம் கவிதையாத் தெரியாது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதியில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45ன்னு போட்டிருக்கு. அதுவும் அந்த நேரத்துக்கான சராசரிக் கணக்கு, ஒரு கிளி 'பீப்' அடிக்கிறது அதில் சிக்காது. சட்டம் எங்களுக்கு உதவாது, நீங்கதான் உதவணும். கூண்டு எங்கே இருக்கு? பால்கனியிலா?

மூணாம்மாடி:
ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல. இன்வெர்ட்டரும் அங்கேதான்.

பழைய கூண்டு ஐயா கேட்டதுக்குப் பதில்: ஏழாவது நாள் அம்மா ஓடினாங்க. அன்னைக்கு உண்மையாவே கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டர் அடிச்சது, நாங்க மணின்னு நினைச்சு உக்காந்திருந்தோம். அரை மணி நேரம் கழிச்சு எல்லாம் அணைஞ்சு இருட்டானதும்தான் புரிஞ்சது. அம்மா பதறி ஓடி ஸ்விட்ச்சைத் தட்டிட்டு, அப்படியே திரும்பி மணியையும் ரெண்டு திட்டு திட்டிட்டு வந்தாங்க.

பழைய கூண்டு:
போச்சு. ஏழு நாள் உழைப்பும் போச்சு. மணி பக்கத்திலிருந்து பாருங்க: ஒரு பெட்டி 'பீப்'ங்குது, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அதை நோக்கி ஓடுறாங்க. அதைவிட நல்ல வார்த்தை அதுக்கு எங்கே கிடைக்கும்? முதல்ல அந்த இன்வெர்ட்டரை இடம் மாத்துங்க.

கூண்டு வேண்டாம்:
எல்லாரும் கிளியை எப்படி அடக்குறதுன்னே பேசுறீங்க. காங்கோ, கேமரூன் காடுகளில் பிடிச்சுப் பிடிச்சே இந்த இனம் குறைஞ்சுபோய், 2017-இல் சைட்டீஸ்ங்கிற சர்வதேச வன உயிரின வியாபார ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கு, அதாவது ரொம்பக் கடுமையான பட்டியலுக்குப் போச்சு. இந்தியாவில் இதை வெச்சிருக்கிறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யணும்னு 2024 பிப்ரவரியில் விதி வந்தது. பண்ணியாச்சா? நம்ம ஊர் பச்சைக்கிளின்னா கேள்வியே இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வெச்சிருக்கிறதே குற்றம்.

மூணாம்மாடி:
பண்ணியாச்சு, சான்றிதழ் இருக்கு. வாங்கினது தப்புன்னு நீங்க சொன்னா வாதாட மாட்டேன். ஆனா வந்துட்டான். இன்னும் நாற்பது வருஷம்கூட இருப்பான். நான் இப்ப என்ன செய்யட்டும்?

வேப்பமரத்தடி:
ஐரீன் பெப்பர்பெர்க்ங்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் அலெக்ஸ்ங்கிற கிரேயோட 1977-லிருந்து 2007-இல் அது சாகும்வரை வேலை செஞ்சாங்க. ரெண்டு பேர் கிளி முன்னாடி உக்காருவாங்க. ஒருத்தர் கேப்பார், இன்னொருத்தர் சரியாச் சொன்னா பொருள் அவர் கைக்குப் போகும். கிளி பார்த்துக்கிட்டே இருக்கும், பொறாமையில் கத்துக்கும். நீங்களும் உங்க வீட்டுக்காரியும் அதையே பண்ணுங்க. அவங்க மெதுவா ஒரு சீட்டி அடிக்கட்டும், நீங்க ஒரு பாதாம் கொடுங்க. மணி பார்க்கணும். அப்புறம் நீங்க வேற அறைக்குப் போகும்போதெல்லாம், அது 'பீப்' அடிக்கிறதுக்கு *முன்னாடியே* அந்தச் சீட்டியை அடிங்க. பதில் வேணும்னு கேக்குற ஜீவனுக்குப் பதிலை மறுக்காதீங்க, கேக்குற விதத்தை மாத்துங்க.

பழைய கூண்டு:
சீட்டி நல்ல யோசனை, எடுத்துக்குறேன். ஆனா 'பீப்'க்குப் பதில் கிடையாது, அது கிடையவே கிடையாது. சிரிப்பும் கிடையாது. 2020-இல் இங்கிலாந்து லிங்கன்ஷயர் பூங்காவில் அஞ்சு கிரேயைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து பிரிச்சு வெச்சாங்களே, ஏன்? ஒண்ணு கெட்ட வார்த்தை பேச, கேட்டவங்க சிரிக்க, சிரிப்பு வருதேன்னு மத்ததும் பேச ஆரம்பிச்சதுதான். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைன்னு நாம சொல்றோம். பாதிதான் உண்மை. எதைச் சொன்னா ஆள் திரும்புதோ அதைச் சொல்லும்.

இன்னொண்ணு. டிவி எத்தனை மணிவரை ஓடுது?

மூணாம்மாடி:
பதினொண்ணரை.

பழைய கூண்டு:
பூமத்திய ரேகைப் பக்கத்துப் பறவை அது. அங்கே வருஷம் பூரா பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. உங்க வீட்டில் ஆறு மணி நேரம் தூங்கினா பகலெல்லாம் சிடுசிடுன்னுதான் இருக்கும். எட்டு மணிக்கு உள்ளறைக்கு மாத்துங்க, துணி போர்த்துங்க. கத்தும்போது தண்டனையாப் போர்த்தாதீங்க, தூங்க மட்டும்.

மூணாம்மாடி:
மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போறேன். இன்வெர்ட்டர் சமையலறை லாஃப்டுக்குப் போயிடுச்சு. மணி எட்டு மணிக்கு உள்ளறையில். கொய்யாவையும் சோளக்கதிரையும் தட்டில் போடாம பழைய அட்டைப்பெட்டியில் மடிச்சு வைக்கிறோம், பிரிக்கவே காலை முழுக்க ஆகுது. 'பீப்' இப்போ நாளுக்கு ஏழெட்டு. சீட்டியைப் பதினோராம் நாள் பிடிச்சான். குக்கர் விசில் அப்படியே இருக்கு. என் வீட்டுக்காரி இப்போ எண்றதில்லை, கடிகாரம் பார்த்து அணைக்கிறாள்.

புது வம்பு ஒண்ணு. எதிர் வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு மாடிப்படி ஏறும்போது மணியோட சீட்டிக்குப் பதில் சீட்டி அடிக்கிறான். நாலு மணி ஆனா மணி கதவைப் பார்த்துச் சீட்டி அடிச்சுக்கிட்டே நிக்குறான்.

பழைய கூண்டு:
பையன்கிட்ட சொல்லி இப்பவே நிறுத்துங்க. லீவ் விட்டா என்ன பண்ணுவீங்க?

வேப்பமரத்தடி:
நிறுத்தாதீங்க! வீட்டுக்கு வெளியேயும் ஒரு பதில் வர்றது எவ்வளவு பெரிய விஷயம்.

பகல்தூக்கம்:
நாலு மணின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை.