தினமும் ஷேவ் செய்தால் கழுத்து எரிகிறது, கட்டி கட்டியாக வருகிறது. என்ன செய்யலாம்?

பீளமேட்டுத் தம்பி:

வணக்கம். கோவையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். தினமும் கிளீன் ஷேவில்தான் வரவேண்டும் என்பது அங்கே விதி. கல்லூரி நாட்களில் எப்போதாவது சலூனுக்குப் போவதோடு சரி, ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இப்போது கன்னம் பரவாயில்லை. தாடைக்குக் கீழே தொண்டைக்குழி வரை சிவந்து எரிகிறது, சட்டைக் காலர் பட்டாலே காந்துகிறது. வலப்பக்கம் சின்னச் சின்னக் கட்டிகள். சிலவற்றில் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே கிடப்பது தெரிகிறது. ஆறின இடமெல்லாம் கறுத்துப் போயிருக்கிறது.

ஐந்து பிளேடு ரேசர், டப்பா நுரை, கடைசியில் ஆஃப்டர் ஷேவ். மழமழவென்று வரும்வரை கீழிருந்து மேலே இழுப்பேன். விடுதியில் போர் தண்ணீர்தான். அறை நண்பன் ஒரு டியூப் கொடுத்தான். தடவினால் மறுநாளே அடங்குகிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. என் தோலுக்கு ஷேவிங்கே ஒத்துக்கொள்ளாதா?

கரூர் சலூன்காரர்:

தம்பி, உங்கள் தோலைக் குறை சொல்லாதீர்கள். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் தொழில். எரிகிறது என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள் சொன்ன அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அதனால் கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். கழுத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு பக்கம் காதைப் பார்த்துப் படுத்திருக்கும், இன்னொரு பக்கம் கீழிருந்து மேலே ஏறும், தாடை ஓரத்தில் சுழி போட்டிருக்கும். இதைத்தான் வாட்டம் என்கிறோம். விடுமுறை நாளில் ஷேவ் செய்யாமல் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் விரல்நுனியால் கழுத்தை நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது வாட்டம். உப்புத்தாள் மாதிரி விரலைப் பிடித்தால் எதிர்வாட்டம். ஒரு தாளில் கழுத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்தப் பக்கம் என்று அம்பு போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவையுங்கள். கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். கத்தியைக் கையில் கொடுப்பதெல்லாம் அப்புறம்.

தோலை இழுத்துப் பிடித்து எதிர்வாட்டத்தில் வழித்தால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். கையை எடுத்ததும் தோல் மூடிக்கொள்ளும். சுருட்டை முடி என்றால் அந்தக் கூரான நுனி நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்தும். உங்களுக்கு வருகிற கட்டி இப்படி வருவதுதான். பல பிளேடு ரேசரில் தோலை இழுக்கவே தேவையில்லை. முன்னால் இருக்கும் பிளேடு முடியை வெளியே இழுக்கும், அது உள்ளே போவதற்குள் பின்னால் வருவது வெட்டிவிடும். அதோடு ஒரே இழுப்பில் ஐந்து பிளேடும் அதே இடத்தைச் சுரண்டுகின்றன. எரியாமல் என்ன செய்யும்?

ஒற்றை பிளேடு மாட்டுகிற பழைய மாதிரி ரேசர் ஒன்று வாங்குங்கள். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள், இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினாலே முடி இளகிவிடும். ரேசரின் எடையே போதும், அழுத்தவே வேண்டாம். தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் பிடித்து, கழுத்தில் வாட்டத்தில் ஒரே ஒரு முறை. இன்னும் வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு முறை, அதோடு நிறுத்திவிடுங்கள். நுரை இல்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது. தொட்டால் லேசாகச் சொரசொரக்கும், இருக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

தண்ணீரும் ஒரு காரணம். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரிந்து, நுரை நிற்காமல் அடங்கிவிடும். கரூரில் நாங்களும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். நீங்கள் சிறுவாணித் தண்ணீர் வரும் ஊரில் இருக்கிறீர்கள், ஷேவிங்குக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீமைப் பிரஷ்ஷில் எடுத்துக் குழைத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரத்தை ஒரு தடவு தடவுங்கள். எந்த இடம் சுருக்கென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரை நிமிடத்தில் கழுவிவிட்டுத் துளி தேங்காய் எண்ணெய். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவை நிறுத்துங்கள்.

ஊர்க்குருவி:

இவ்வளவு எதற்கு? எலுமிச்சைச் சாறு தடவுங்கள், எரிச்சலும் போகும், கறுப்பும் போகும்.

மருந்துக்கடை அக்கா:

தயவுசெய்து எலுமிச்சை வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், ஆறிய பிறகு இன்னும் கறுக்கும். சலூன்காரர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, தேங்காய் எண்ணெய் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பரு வரும் தோலில் அது துவாரத்தை அடைக்கும். வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

எனக்குக் கவலை அந்த டியூப்தான். மறுநாளே அடங்குகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். பெயரைப் பாருங்கள் தம்பி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இதில் ஏதாவது இருக்கிறதா? முகத்திலும் கழுத்திலும் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளைக் கடையில் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கைமாறிக் கைமாறி வந்துவிடுகிறது. இருப்பது படர்தாமரையாக இருந்தால் இன்னும் மோசம். மேலே அடங்கின மாதிரி தெரியும், அடியில் பரவும்.

பீளமேட்டுத் தம்பி:

பார்த்தேன் அக்கா, குளோபெட்டசால் என்றுதான் இருக்கிறது. பூஞ்சைக்கும் ஏதோ கலந்திருக்கிறது. உடனே நிறுத்திவிடலாமா? கட்டி இருக்கும்போது ஷேவ் செய்யலாமா? உள்ளே போன முடியைப் பிடுங்கிவிடட்டுமா?

மருந்துக்கடை அக்கா:

இனி தடவாதீர்கள். சில நாள் முன்னைவிடச் சிவக்கலாம், பயந்துபோய் மறுபடி அதை எடுக்காதீர்கள். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. டியூப்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கட்டிகளுக்கு பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரி எது, எவ்வளவு என்று அவர் சொல்லட்டும். சீழ் வைத்தாலோ, வட்டமாகப் பரவினாலோ, கட்டி கெட்டியாகத் தடித்தாலோ அன்றைக்கே போங்கள். முடியைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள், திரும்ப முளைக்கும்போது அதுவே உள்ளே குத்தும். கறுப்பு தானாக மங்கும், ஆனால் மாதக்கணக்காகும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள்.

கரூர் சலூன்காரர்:

அக்கா சொன்னால் சரி, எண்ணெய் வேண்டாம்.

கட்டி அடங்கும்வரை, மூன்று நான்கு வாரமானாலும், கழுத்தில் பிளேடு வைக்காதீர்கள். டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினால் தூரத்திலிருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் தெரியும். மேலாளரிடம் மருத்துவர் சீட்டைக் காட்டி அந்த நாட்களுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். பிறகு ரேசருக்குத் திரும்பும்போது புது பிளேடோடு தொடங்குங்கள். முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் பிளேடை மாற்றிவிடுங்கள், காசு பார்க்காதீர்கள். முனையைத் துண்டால் துடைக்காமல் உதறி, குளியலறைக்கு வெளியே காயவையுங்கள்.

நடுவில் எந்தச் சலூனுக்குப் போனாலும், புது பிளேடைப் பிரித்து உங்கள் கண்முன்னே இரண்டாக ஒடித்து மாட்டுகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். என் கடையில் கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.