ஹரிகேன் என்ஜினும் வடசென்னைத் தண்ணீரும்: பழைய ஜீப்பைப் பிரித்துக் கட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

வடசென்னையில் பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவருக்குக் கேட்காமலே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. “இந்த என்ஜினைக் கழற்றி எடைக்குப் போடுங்கள், டீசல் ஏற்றிவிடலாம்.” ஏன் என்று கேட்டால், “இது பிறவியிலேயே சூடு பிடிக்கிற வண்டி சார்” என்பார்கள்.

சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்த மகிந்திரா சி.ஜே. 3பி-யும் அந்தக் கெட்ட பெயரோடுதான் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் போதும், சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகும். அவர் ரேடியேட்டரை மாற்றியிருந்தார், கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்திருந்தார், யாரோ சொன்னதைக் கேட்டு, சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக்கூடப் பிடுங்கியிருந்தார். எதற்கும் மசியவில்லை. எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் சேர்ந்துகொண்ட பிறகு, என்ஜினை இறக்கியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மகிந்திரா 1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கியது. சி.ஜே. 3பி 1953-இல் அமெரிக்காவில் வந்த மாடல். அங்கே 1968-இல் நின்ற பிறகும் இங்கே நெடுநாள் தயாரானது. இதிலுள்ள ஹரிகேன் என்ஜின் 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். இதன் வால்வு அமைப்பு விசித்திரமானது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இருக்கிறது; புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு, சிலிண்டர்கள் உள்ள இரும்பு வார்ப்பான பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. பழைய சைடு வால்வு என்ஜினைவிட இது உயரம். 3பி-யின் பானெட் அப்படித் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் கிடையாது. சூட்டுக்கும் இந்த அமைப்புக்கும் தொடர்பு உண்டு. எரிந்த வாயு பிளாக்கின் உள்ளே வளைந்து வெளியேறுவதால், அந்தச் சூட்டின் ஒரு பங்கைப் பிளாக்கைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் போகும் வழி சுத்தமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கும் பாய் பானெட்டைத் திறந்ததும் என்ஜினைப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

“சித்தப்பா எந்தத் தண்ணீர் ஊற்றுவார் தம்பி?”

“வீட்டு போர் தண்ணீர்தான் பாய்.”

“அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா?”

நுரைக்காது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்துக்கடியில் ஊடுருவியது பல பத்தாண்டுக் கதை. அந்தத் தண்ணீரைக் கொதிக்கிற இரும்புக்குள் ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் கண்ணால் கண்டேன்.

அதற்கு முன் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய கதை. வெளியே தெரிகிற போல்ட்டுகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது, ஹெட் அசையவில்லை. பட்டறைப் பையன் கடப்பாரையை எடுத்தான். பாய் அவன் கையைத் தட்டிவிட்டு, கார்பரேட்டரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த துவாரத்துக்குள் கைவிளக்கைப் பிடித்தார். உள்ளே, கரி படிந்த ஒரு போல்ட் தலை. கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு இந்த என்ஜினில் தனியாகக் கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்குள் ஒரு போல்ட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் நெம்பி விரிசல் விட்ட ஹெட்டுகள் ஊரில் பல கிடக்கின்றன. மாட்டும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும்: அதை முறுக்கிய பிறகுதான் கார்பரேட்டர் ஏற வேண்டும்.

வால்வுகளைக் கழற்றும்முன் பக்கவாட்டு அறையின் அடியில், எண்ணெய் வடியும் ஓட்டைகளில் பாய் பனியன் துணியைச் சுருட்டித் திணித்தார். வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டுகள் கைதவறினால் நேரே எண்ணெய்த் தொட்டிக்குள் போய்விடும். துணி நான்கு பைசா வேலை. திணிக்காவிட்டால் அரை நாள் வேலை.

பிறகு பிளாக்கின் பக்கத்திலிருந்த வட்டத் தகட்டு அடைப்பு ஒன்றை உளியால் தட்டி எடுத்தார். உள்ளே தண்ணீர் அறை இருக்க வேண்டும். இருந்தது செங்கல் நிறத்தில் இறுகிப்போன சேறு. சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியை வளைத்துச் சுரண்டச் சுரண்ட அது தட்டுத்தட்டாக உதிர்ந்தது. நாற்றம் வேறு. முதல் சிலிண்டரைச் சுற்றி ஓரளவு வழி இருந்தது. பின்னால் போகப் போகக் குறைந்து, நான்காவது சிலிண்டருக்குப் பின்புறம் கம்பி நுழையவே இடமில்லை. ரேடியேட்டர் எத்தனை பெரிதாக இருந்து என்ன பயன்? தண்ணீர் அந்த மூலைக்குப் போகவே இல்லை. கம்பியால் முடிந்தவரை சுரண்டி, பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மறுபடி கம்பி. ஒரு துளையில் ஊற்றிய தண்ணீர் மறு துளை வழியே நிறம் மாறாமல் வரும்வரை பாய் விடவில்லை. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் வேலைக்கு லேத்துக்கு அனுப்பும் ஆர்வத்தில் இருந்த எனக்கு அது எரிச்சலாக இருந்தது. “போரிங் யார் வேண்டுமானாலும் செய்வார்கள், இதை யாரும் செய்ய மாட்டார்கள்” என்றார்.

சிலிண்டர் வாய் ஓரத்தில் நகத்தை வைத்தால் ஒரு படி தட்டியது. பிஸ்டன் ரிங் ஓடித் தேய்ந்த இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. சிலிண்டரைப் போர் செய்து, அளவு கூடிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைச் சாணை பிடித்து அதற்கேற்ற பேரிங். வால்வுகளுக்கு விடும் டேப்பட் இடைவெளி, என்ஜின் ஆறியிருக்கும்போது, இன்டேக்குக்கு 18 தௌ, எக்ஸாஸ்டுக்கு 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டும் ஒன்றல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டாயிற்று, கூடுதல் மின்விசிறியை எடுத்தாயிற்று. இப்போது கன்டெய்னர் வரிசையில் நின்றாலும் முள் நடுவில் நிற்கிறது. இதே வண்டியில் வேறு விதமாக அவதிப்பட்டவர்கள் எழுதுங்கள்.

பெரம்பூர் உறுப்பினர்:

லேத் வேலையில் தலை நரைத்தவன் நான். பாய் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். சேற்றை எடுக்காமல் போர் செய்வது வீண், சரி. ஆனால் போரிங்கை யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்பது எங்கள் பிழைப்பைக் கேலி செய்வது.

நான் பார்த்தவரை, பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன்பே “முப்பது தௌ ஓவர்சைஸுக்குப் போர் செய்துவிடுங்கள்” என்று பிளாக்கை இறக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தப் பிஸ்டனுக்கு அந்தச் சிலிண்டர் என்று எண் போட்டுத்தான், சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கடைசி ஹோனிங் செய்ய வேண்டும். எங்கள் காலத்து முறை இன்னும் எளிது. ரிங் இல்லாத பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கி, பக்கத்தில் இடைவெளி அளக்கும் மூன்று தௌ ஃபீலர் பட்டையை விட்டு, பட்டையின் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுப்போம். வழுக்கிக்கொண்டு வந்தால் லூஸ்; வர மறுத்தால் இன்னும் ஹோனிங். நிதானமான ஒரு பிடிப்போடு வர வேண்டும். பழகிய கைக்குத் தராசுகூட வேண்டாம்.

இன்னொன்று. முதல் தடவையிலேயே பெரிய ஓவர்சைஸுக்குப் போகாதீர்கள். பத்தில் சரியாகிறதா, இருபதில் சரியாகிறதா என்று படிப்படியாகப் பாருங்கள். அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சமிருக்கட்டும். பிஸ்டன் 1949-லிருந்து நம் செம்பியத்திலேயே செய்கிற பொருள். இந்தியா பிஸ்டன்ஸ் அங்கேதான் தொடங்கியது. அதன் சுற்றுவட்டாரத்தில் அளக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. கேட்டுப் போங்கள்.

காசிமேடு உறுப்பினர்:

நான் படகு என்ஜின் மெக்கானிக். ஜீப் எனக்கு இரண்டாம் பட்சம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, திருவொற்றியூரில் ஒரு வீட்டில் பானெட் வரை மூழ்கிய இதே ஹரிகேன் என்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். உரிமையாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு தடவை ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்கலாமா அண்ணே?” என்றார். தட்டியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏற இடமிருக்காது.

நான்கு பிளக்கையும் கழற்றினேன். எண்ணெய்த் தொட்டியின் அடி நட்டைத் திருகியதும் முதலில் தண்ணீர், பிறகு பால் போட்ட டீ நிறத்தில் ஒரு குழம்பு, கடைசியில்தான் எண்ணெய். சிலிண்டர்களுக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, கைப்பிடி போட்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். மூன்றாவது சிலிண்டரில் வால்வு திறந்தபடி நின்றிருக்கிறது, துரு அங்கேதான் பிடித்திருந்தது. கட்டையை வைத்துப் பிஸ்டனை அடிக்கச் சொன்னவர்கள் உண்டு. அடிக்கவில்லை. ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்; ஒருநாள் காலையில் தானாகவே அசைந்தது. அதற்குப் பிறகும் முழுதாகப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது, பேரிங்கில் உப்பு கறை போட்டிருந்தது.

கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கும் படகு என்ஜின்களில் ஒரு துத்தநாகத் துண்டு போடுவோம். உப்பு இரும்பை அரிப்பதற்கு முன் அதை அரிக்கும். கரைந்ததும் வேறு மாற்றுவோம். ஜீப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆகையால் போர் தண்ணீரை மறந்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும்தான். மலிவு பார்க்கிற இடம் இதுவல்ல.

மாதவரம் உறுப்பினர்:

டீசல் ஏற்றும் யோசனையில் இருக்கும் அண்ணன்கள், தம்பிகள், அக்காமார்கள் கவனத்துக்கு. அப்பா எங்கள் 3பி-யில் பல ஆண்டுகளுக்கு முன் டீசல் என்ஜின் ஏற்றிவிட்டார். அன்றைக்குப் பெட்ரோல் விலை அப்படி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனப் பதிவுக்கு விதிகள் கொண்டுவந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். நிபந்தனை: சேஸி, பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வயது எங்கள் வண்டிக்கு உண்டு, என்ஜின் இல்லை.

அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இந்த மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். அன்றாடம் ஓட்டுகிறவர்களுக்கு அது தோதுப்படாது. இப்போது பழைய ஹரிகேன் பிளாக் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வடசென்னைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சேறோடு இருந்தாலும் சரி. அப்புறம், தண்டையார்பேட்டை அண்ணா, இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோலுக்கு என்ன செய்தீர்கள்?

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

தங்கச்சி, கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டேன். பழைய ரப்பர் உப்பி, பிசுபிசுத்துப் போகிறது. மாதக்கணக்கில் வண்டி நிற்கும் என்றால் டாங்க்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். பிளாக் விஷயமாகப் பாயிடம் கேட்டேன். கொருக்குப்பேட்டையில் ஒருவர் வீட்டுப் பின்புறம் ஒன்று கிடக்கிறதாம். ஹெட் இல்லை, பிளாக் மட்டும். போகும்போது ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போங்கள், நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் விட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.