தாக்கக் காரணி வேண்டாம்: சுட்டுகை, சுட்டுகைச் சராசரி என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடும் citation (மேற்கோள்), impact factor (தாக்கக் காரணி), h-index (எச் சுட்டெண்) ஆகியவற்றுக்குத் தமிழில் எந்தச் சொல் சரி என்று பேசும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏற்காட்டில் ஒரு பள்ளி விழாவுக்கு, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து இப்போது நோய்க்கிருமி ஆராய்ச்சியில் இருக்கிற ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றித் தமிழில் ஒரு பக்க அறிமுகம் எழுதும் வேலை சேலத்தில் இருக்கும் என்னிடம் வந்தது. கைக்கு வந்த குறிப்பில் மேற்கோள் இத்தனை, எச் சுட்டெண் இத்தனை, தாக்கக் காரணி இத்தனை என்று இருந்ததை, காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். "தாக்கம்னா நோய்த் தாக்கமுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டெங்கு தாக்கம், புயல் தாக்கம் என்றுதான் நாளிதழில் தினமும் படிக்கிறோம், மருத்துவ ஆராய்ச்சியாளர் பெயருக்குப் பக்கத்தில் அதே சொல் வந்தால் வேறெப்படிப் புரியும்? இலங்கைப் பாடநூல்களில் தாக்கம் என்றால் வேதிவினை என்று வவுனியா அக்கா எழுதியதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை 'காரணி'தான். அந்த எண் எப்படி வருகிறது? ஓர் இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் வெளியிட்டவற்றை 2024-ல் வந்த கட்டுரைகள் எத்தனை முறை ஆதாரமாகச் சுட்டிக்காட்டின என்று கூட்டி, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான், ஒரு சராசரி. அதுவும் இதழுக்கு உரியது, எழுதியவருக்கு உரியது இல்லை. ஒரே இதழில் சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் சுட்டப்பட்டிருக்கும், பலவற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், சராசரி இரண்டையும் மறைத்துவிடும். தனி ஆய்வாளரை இந்த எண்ணால் எடைபோடாதீர்கள் என்று கேட்கத்தான் 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் டோரா பிரகடனம் உருவானது. ஆனால் நம் பக்கம் இன்னமும் 'இவருடைய தாக்கக் காரணி' என்று அழைப்பிதழில் அச்சாகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை. 'இதழ்ச் சுட்டுகைச் சராசரி' என்று எழுதினால் அது எதன் எண், எப்படி வந்த எண் என்பது இரண்டும் பெயரிலேயே தெரிந்துவிடும், 'இவருடைய இதழ்ச் சராசரி' என்று எழுத யாருக்கும் கை வராது.

அடுத்து 'மேற்கோள்'. கோவை நண்பர் இதை விடவே கூடாது என்கிறார். ஆனால் மேற்கோள் என்றதும் பிறர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதுவதுதான் நினைவுக்கு வரும். மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் அது அபூர்வம். இன்ன முறையில் அளந்தோம், இன்னார் முன்பே கண்டது என்று எண் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். புரதத்தை அளக்கும் முறை ஒன்றை 1951-ல் லோரியும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள், அந்தக் கட்டுரை 3 லட்சம் முறைக்கு மேல் சுட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு வரியையாவது மேற்கோளாக எடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சரி, 'சுட்டு' என்றே வைக்கலாம் என்று முதலில் வந்த யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'சுட்டுட்டான்' என்றால் பேச்சில் திருடிவிட்டான் என்று பொருள். முன்னோர் உழைப்பை மதித்துப் பெயர் சொல்வதற்கும் திருடுவதற்கும் ஒரே சொல் ஒலிப்பது ஆகாது. 'சுட்டுகை' என்றால் சுட்டிக்காட்டுவது மட்டும்தான் வரும். சுட்டுகை எண்ணிக்கை, சுட்டுகைப் பட்டியல் என்று சேர்த்து எழுதவும் வாட்டமாக இருக்கிறது.

எச் சுட்டெண்ணை என்ன செய்வது? 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொடுத்த அளவு அது. ஒருவருடைய கட்டுரைகள் 40, 12, 5, 4, 2 முறை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் 4, ஏனென்றால் நான்கு கட்டுரைகள் தலா நான்கு முறையாவது சுட்டப்பட்டிருக்கின்றன, ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறை சுட்டப்படவில்லை. சுட்டுகையையும் சுட்டெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான் வரும். விலைவாசிக்கு எழுதுகிற 'குறியீட்டெண்' எல்லோருக்கும் பழக்கம், ஆகவே எச் குறியீட்டெண் போதும். எச்-க்குத் தமிழெழுத்து தேட வேண்டாம் என்பது என் கருத்து.

தாக்கக் காரணிக்குப் பதில் 'செல்வாக்கு எண்' என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை நான் ஏற்க மாட்டேன். கல்கத்தாவில் சம்பு நாத் தே 1959-ல், காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவம்கூட முயல் குடலில் நீரைச் சுரக்க வைக்கிறது, ஆகவே வேலையைச் செய்வது அது விடும் நச்சு என்று காட்டினார். காலரா ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிய அந்தக் கட்டுரையைத் தொடக்க ஆண்டுகளில் பெரிதாக யாரும் சுட்டவில்லை. அவர் 1985-ல் இறந்த பிறகு, சுட்டுகைகளை எண்ணும் முறையையே உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு அவரைப் பற்றி எழுதினார். அன்றைக்கு எண்ணியிருந்தால் அவருக்குச் 'செல்வாக்கு' இல்லை என்றுதானே வந்திருக்கும்? எண்ணியது எதுவோ அதற்கு மட்டும் பெயர் வைப்போம்.

அப்புறம் ஒன்று பாக்கி. ஒருவர் தன் பழைய கட்டுரைகளைத் தானே சுட்டுவதற்குத் 'தற்சுட்டுகை' என்று எழுதியிருக்கிறேன், 'தன்சுட்டுகை' நல்லதா? பள்ளியில் அறிமுகத்தை அச்சுக்கு அனுப்பக் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொன்னீர்கள் என்றால் திருத்திவிடுவேன்.