ஒயரிங் செக்: மீட்டர் பீப் அடிச்சா ஒயர் நல்லாருக்குன்னு அர்த்தமா?

#1
ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கல்னு வர்ற வண்டிகள்ல பல்பு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கப்ளரை (ஒயர் செருகற கனெக்டர்) கழற்றி மல்டிமீட்டரில் கன்டினியூட்டி, அதாவது ஒயர் அறுபடாம இருக்கான்னு பார்த்தா பீப் அடிக்கும், ஓம்ஸும் கிட்டத்தட்ட பூஜ்யம். அதோட ஒயர் ஓகேன்னு மூடிடறாங்க. ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும்ங்க. மீட்டர் விடற கரன்ட் மில்லி ஆம்பியர் கணக்கு. 55 வாட் பல்பு இழுக்கறது நாலரை ஆம்பியர்.

அந்த லோடில்தான் ஒயரோட குறை தெரியும், அதனால லைட்டை எரியவிட்டே பாருங்க. மீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு ப்ரோப் பேட்டரி நெகட்டிவில், சிவப்பு பல்போட எர்த் பின்னில். 0.1, 0.2 காட்டினா விட்டுடலாம். 0.5 தாண்டினா எர்த்தில்தான் கோளாறு. அப்புறம் சிவப்பை மட்டும் ஒவ்வொரு ஜாயின்ட்டா பேட்டரி பக்கம் நகர்த்துங்க. எர்த் லக்கில் (எர்த் ஒயர் நுனியில் பாடியோட போல்ட் பண்ற வளையம்) 0.9, அது உட்கார்ந்திருக்கற பாடியில் 0.05ன்னா லக்குக்கு அடியில் துரு, இல்லேன்னா பெயின்ட். சுரண்டி முறுக்கினா முடிஞ்சது.

#2
ஒரு திருத்தம். சில ஜப்பானிய கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அங்கே அந்த 0.5-இல் சுவிட்ச், ரிலேயின் பங்கும் சேர்ந்திருக்கும். வயரிங் படம் பார்த்துவிட்டு எர்த் போல்ட்டில் கை வையுங்கள்.

கப்ளரைக் கழற்றாமல், ஒயர் நுழையும் பின்பக்கமாக, ரப்பர் சீல் ஓரத்தில் மெல்லிய ஊசியை விட்டு அளப்பதுதான் முறை. முன்பக்கம் தடித்த ப்ரோப்பைத் திணித்தால் பெண் பின் விரிந்துவிடும். அன்றைக்கு ஓடும், பிறகு குலுங்கும் ரோட்டில் விட்டுவிட்டு நிற்கும். சந்தேகமென்றால் அதே அளவு ஆண் பின் ஒன்றைத் தனியாகச் செருகிப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கினால் பின்னை மாற்றத்தான் வேண்டும். ஒயர் தோலைக் குத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் மோசம். அந்தத் துளை வழியே மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகிவிடும்; வெளியே ஒன்றும் தெரியாது.

#3
கரன்ட் வருகிறதா என்று பார்க்கும் பல்பு டெஸ்ட் லேம்ப் ஃபியூஸ் பாக்ஸோடு நிற்கட்டும். 5 வாட் லேம்ப் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஈசியூ (வண்டியின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) பின்னில் வைத்தால் உள்ளே டிரான்சிஸ்டர் போகலாம். சென்சாரின் 5 வோல்ட் லைனுக்கு டிஜிட்டல் மீட்டர் மட்டும்.

மஞ்சள் கப்ளர் ஏர்பேக். அதில் ஓம்ஸ் வைக்கவே கூடாது. மீட்டரின் சிறு கரன்ட்டே பையை வெடிக்க வைக்கலாம். கழற்ற வேண்டியிருந்தால் சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவைப் பிரித்து, மேனுவல் சொல்லும் நேரம் பொறுங்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் கேபிள் பக்கமே போகாதீர்கள், அதற்கு வேறு பயிற்சி, வேறு கையுறை.

#4
சிவப்பு ப்ரோப் 10 ஆம்பியர் துளையிலேயே இருக்க, வோல்ட் பார்க்கறேன்னு பேட்டரியில் வெச்சா நேரா ஷார்ட்டுங்க. மீட்டர் ஃபியூஸ் போனா அதிர்ஷ்டம். மலிவு மீட்டர் சிலதில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, ஒயர் உருகும். கரன்ட் அளந்த கையோட ப்ரோப்பை வோல்ட் துளைக்கு மாத்திடுங்க. மோதிரம், மெட்டல் வாட்ச் எல்லாம் முதல்லயே கழற்றி வெச்சிடணும்.